கம்பத்தில் நொண்டாதவன்

காக்கி பேன்ட்டைத் தரையில் விரித்துப் போட்டுவிட்டு, கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, தூண்டில்காரனைப் போலக் குறி பார்க்கிறான் லோகேஸ்வரன். கையில் இரண்டடி அலுமினியக் கம்பி. நுனியை அவனே வளைத்துக் கொக்கி ஆக்கியிருக்கிறான். பேன்ட்டின் இடுப்புப் பட்டியைக் கொக்கியில் மாட்டி, இடது பாதத்தின்மேல் ஏற்றி, முழங்கால்வரை இழுத்துவிட்டால் கஷ்டமான பாதி முடிந்தது. வலது கால் தானாக நுழைந்துகொள்ளும். "எட்டு செகண்டு," என்பான் எழுந்து நின்று. "போன மாசம் பதினஞ்சு." மனைவி பிரமிளா பார்த்துக்கொண்டு நிற்பாள்; உதவிக்கு வரமாட்டாள். வந்தால் கொக்கி அவள் பக்கம் நீளும்.

வயது முப்பத்தேழு. நகரிக்கும் புத்தூருக்கும் நடுவே பதினொரு ஊருக்கு அவன்தான் லைன்மேன். தோள் இரண்டும் எருமைக்கடா மாதிரி. தறிக்காரர்களோடு தமிழ், சப்ஸ்டேஷனோடு தெலுங்கு, நம்பர் எல்லாம் இங்கிலீஷ். தறி நின்ற மறுநிமிஷம் போன் வரும். "அண்ணா, கரண்ட் எப்ப வரும்?" "உன்னக் கேட்டுக்கினுதான் வரும், வை." ஆனால் சொன்ன பத்து நிமிஷத்தில் கரண்ட் வந்துவிடும்.

ஊரில் அவனுக்கு 'வண்டி துரை' என்று பெயர். வரப்பாக இருந்தாலும் சரி, முள்ளாக இருந்தாலும் சரி, டி.வி.எஸ். வண்டியைக் கம்பத்தின் காலடிவரை ஓட்டித்தான் நிறுத்துவான். டீயை வண்டியில் உட்கார்ந்தபடியே வாங்கிக் குடிப்பான். கல்யாண வீட்டில் தரையில் இலை போட்டால் போனைக் காதில் வைத்துக்கொண்டு, அடிக்காத மணிக்குப் பதில் சொல்லிக்கொண்டே கிளம்பிவிடுவான். "நம்மகூட உக்காந்து துன்னா கௌரவம் கொறஞ்சிடும்பா அவனுக்கு," என்றார்கள். இதை எழுதுகிறவன் கூலிக்கு வந்து எட்டு ஏக்கர் மாந்தோப்புக்குச் சொந்தக்காரன் ஆனவன். ஒருத்தன் நடந்து வருகிற தோரணையிலேயே ஆள் எப்படி என்று சொல்லிவிடுவான். அவனும் திமிர் என்றுதான் நினைத்தான். லோகேஸ்வரன் நடந்தால்தானே பார்ப்பதற்கு!

இடது இடுப்பு மூட்டு தேய்ந்துபோய் இரண்டு வருஷமாகிறது. நாலு எட்டு வைத்தால் உடம்பு ஒரு பக்கம் சாயும். சம்மணம் போட முடியாது. குந்த முடியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கால் நகத்தைப் பிரமிளாதான் கதவைச் சாத்திக்கொண்டு வெட்டிவிடுகிறாள். நொண்டி என்ற பேச்சு ஆபீஸுக்குப் போனால் கம்பம் போய்விடும், சப்ஸ்டேஷனில் நாற்காலி போட்டு மீட்டர் எழுத உட்காரவைத்துவிடுவார்கள் என்பது அவன் பயம். அதனால் திமிர் பிடித்தவன் என்ற பெயரை அவனே தண்ணீர் ஊற்றி வளர்த்தான்.

கம்பத்தில் மட்டும் அவனிடம் கோளாறு தெரியாது. வலது கால் முன்னே போகும், கைகள் உடம்பைத் தூக்கும், இடது கால் பின்னாலேயே வந்து சேரும். உச்சியில் பெல்ட்டை மாட்டித் தொங்கிவிட்டால் இடுப்பில் எடை இல்லை, வலி இல்லை. "மேல நான் நல்லாக் கீறேன். பூமிலதான் நொண்டி," என்று பிரமிளாவிடம் சொல்லியிருக்கிறான்.

அந்தக் கம்பமே போன மே மாதம் அவனை மாட்டிவிட்டது. மாங்காய் பறிப்பு நேரம், காற்றில் கிளை முறிந்து லைன்மேல் விழுந்திருந்தது. வேலையை முடித்துப் பாதி தூரம் இறங்கியவனுக்கு இடுப்பு பூட்டு போட்டதுபோல் நின்றுவிட்டது. மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் வர முடியவில்லை. கீழே தோப்புக்காரர்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். "நட்டு லூஸா கீது, இருங்க," என்று சும்மா கம்பத்தைத் தட்டிக்கொண்டே பன்னிரண்டு நிமிஷம் தொங்கினான். பிறகு கையாலேயே சறுக்கி இறங்கினான். உள்ளங்கை இரண்டும் உரிந்துபோயிருந்தன.

அவன் நைனா நாகேந்திரனுக்கு இதெல்லாம் ஒரு சங்கதியே இல்லை. "மெட்ராஸ்லருந்து பஸ் ஏறி நம்ம புத்தூருக்குக் கட்டு போட வரானுங்க. நீ பக்கத்துல இருந்துக்கினு டவுனுக்கு ஓடறியே," என்று இழுத்துக்கொண்டு போனார். கட்டுப் போடுகிற பெரியவர் தொடையைப் பிடித்து இப்படியும் அப்படியும் சுழற்றிப் பார்த்தார். எண்ணெய்க் கிண்ணத்தை எடுக்கவே இல்லை. "ஒடஞ்சா கட்டுவேன். இது தேஞ்சது. எத எதோட சேத்துக் கட்டறது? திருப்பதிக்குப் போப்பா." 

திருப்பதியில் எலும்பு டாக்டர் ஜெயபிரகாஷ் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். "அறுபது வயசு மூட்டு மாதிரி இருக்கு. தண்ணி போடுவீங்களா?"

"டீ போடுவேன் சார். அதுவும் சக்கர கம்மி."

இரண்டு வழி சொன்னார் டாக்டர். ஒன்று, பந்துபோன்ற எலும்பை வெட்டி எடுத்துவிட்டு, தொடையெலும்புக்குள் நீளத் தண்டு இறக்கி முழு மூட்டையும் மாற்றுவது. இந்த வயதில் செய்தால் பின்னால் இன்னொரு தடவை மாற்ற வேண்டியிருக்கும். மற்றது, பந்தை வைத்துக்கொண்டு, தேய்ந்த மேல்பக்கத்தை மட்டும் சீவி உலோகத் தொப்பி கவிழ்ப்பது; பந்து சுழல்கிற இடுப்புக் கிண்ணத்துக்கும் ஓர் உறை. அதைச் செய்கிற கைகள் குறைவு, சென்னைக்குத்தான் போக வேண்டும். மேஜை டிராயரிலிருந்து மாதிரித் தொப்பி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். காளான்போல் ஒரு குமிழ், அடியில் மெல்லிய குச்சி.

லோகேஸ்வரன் அதை உள்ளங்கையில் உருட்டினான். "சார், இது நம்ம பின் இன்சுலேட்டர். கம்பத்து உச்சில குச்சி மேல பீங்கான் கவுத்து வெப்போமே, அதேதான். கம்பத்தப் புடுங்காம மேல மட்டும் மாத்தறீங்க."

டாக்டர் சிரித்தார். அவன் சிரிக்கவில்லை. "கம்பம் நல்லா கீதா சார்? விரிசல் கம்பத்துல புதுசு வெச்சா ஏறினவன்தான் வுழுவான்."

"அதைப் பார்க்கத்தான் ஸ்கேன்," என்றார் டாக்டர், சிரிப்பை நிறுத்திவிட்டு.

ஸ்கேனில் எலும்பு திடமாக இருந்தது. மிச்சத்தையும் டாக்டர் மறைக்கவில்லை. முதல் மாதங்களில் தொப்பிக்குக் கீழே தொடையெலும்பின் கழுத்து முறியலாம். உலோகத்தூள் ரத்தத்தில் கலக்கிறதா என்று வருஷா வருஷம் சோதிக்க வேண்டும். வேலைக்கு மூன்று மாதம் லீவு. கம்பம் ஒரு வருஷத்துக்குக் கூடாது. "அதுக்கப்புறம்?" "பார்க்கலாம்னுதான் சொல்வேன். எழுதிக் கேக்காதீங்க."

வழியெல்லாம் ஒரு கணக்கு போட்டுக்கொண்டு வந்தான். மஞ்சள் காமாலை என்று லீவு எழுதிவிட்டு, ஆபரேஷன் முடிந்து வந்து சத்தமில்லாமல் ஏறிவிட்டால் யாருக்குத் தெரியும்? பிரமிளாவிடம் சொன்னான். அவள் கீரை ஆய்வதை நிறுத்தவில்லை.

"நாலாவது மாசம் ஆபீஸ் ஏ.இ. மேடம் ஏறுன்னா ஏறுவியா?"

"ஏறித்தான ஆவணும்."

"அந்த எலும்பு முறிஞ்சா?"

அவன் கொக்கிக் கம்பியை எடுத்துத் துடைத்தான்.

"விரிசல் கம்பத்துல நீ யாரையும் ஏத்த மாட்டியே. உன்ன மட்டும் ஏத்துவியா?"

திங்கட்கிழமை காலை செக்‌ஷன் ஆபீஸ். உதவி இன்ஜினியர், ஏ.இ. அக்ஷயா இருபத்தெட்டு வயதுப் பெண், கடப்பாக்காரி, தமிழ் பாதிதான் புரியும். வாசலில் ஏழெட்டு லைன்மேன்கள் சாமான் எடுத்துக்கொண்டிருந்தார்கள். காமாலை என்று எழுதாமல் காரணத்தை வெறுமையாக விட்டிருந்த லீவுக் கடிதத்தைப் பார்த்து, "ஏமைந்தி லோகேஷ், என்ன ஆச்சு? மூணு மாசமா?" என்றாள். அவனுடைய சப்ஸ்டேஷன் தெலுங்கில் மூட்டுக்கும் தொப்பிக்கும் வார்த்தை இல்லை; எழுதி மனப்பாடம் செய்துவைத்திருந்ததும் மறந்துபோயிருந்தது.

"மேடம், சொன்னா புரியாது. நடக்கறேன், பாருங்க."

மேஜையைப் பிடித்திருந்த கையை எடுத்தான். அறையைத் தாண்டி, வராந்தா இறங்கி, ஜல்லி கொட்டிய முற்றத்தில் நடந்தான். எட்டுக்கு எட்டு இடது பக்கம் உடம்பு சரிந்து எழுந்தது. அலுமினியச் சுருளைத் தூக்கிய ஒருத்தன் தூக்கியபடியே நின்றான். அக்ஷயா நாற்காலியை விட்டு வாசலுக்கு வந்துவிட்டாள். "சாலு லோகேஷ், போதும்," என்றாள்.

கேட்வரை போய்த் தொட்டுவிட்டுத் திரும்பினான். எதையும் பிடித்துக்கொள்ளவில்லை. வரும்போது இன்னும் மெதுவாக நடந்தான், எல்லாரும் நன்றாகப் பார்க்கட்டும் என்று.