எங்கே என்று கேட்டோம், எப்படி என்று சொன்னான்

மார்கழிப் பனி ஏரியின்மேல் படிந்த காலையில் சேற்று வாடை மூக்கில் ஏறினால், ஏரித் தண்ணீர் வடிந்து கடலுக்கு ஓடத் தொடங்கிவிட்டது என்று பழவேற்காட்டுப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். அந்த இறங்குநீரை நாங்கள் ‘வத்தம்’ என்போம். அப்படியொரு காலையில்தான், என் நாலு வயதுத் தங்கை விளையாட்டாக ஏறி உட்கார்ந்திருந்த தோணி, கட்டு அவிழ்ந்து அவளோடு காணாமல் போயிற்று.

வடக்கே கண்ணுக்கெட்டாத ஏரி. கிழக்கே முகத்துவாரம், அதைத் தாண்டினால் கடல். எந்தப் பக்கம் தேடுவது என்று நைனாவுக்குப் பிடிபடவில்லை. ஒல்லாந்தர் கோட்டைச் சுவரில் காவல் நின்ற செம்பட்டைத் தாடிச் சிப்பாய் ஒருவன் மட்டும் தோணியைப் பார்த்திருந்தான். அம்மாவிடம் தினமும் இறால் வாங்குகிறவன்தான். அம்மா கீழேயிருந்து கத்திக் கேட்க, அவன் பாஷையில் சொன்ன பதிலைக் கோட்டைத் துபாஷி எங்களுக்குத் தமிழில் சொன்னார்.

‘ஆடி ஆடி மெதுவா மிதந்துதாம். அப்பறம் பம்பரமாட்டம் சுத்திச்சாம். அதுக்குள்ள பனி மூடிடுச்சாம்.’

‘எங்க போச்சுனு கேட்டா, எப்படி போச்சுனு சொல்றானே பாவி!’ என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கும் அவன்மேல் ஆத்திரம்தான். ‘போச்சு, வந்துச்சு, ஏறிச்சு, எறங்கிச்சு’ என்று போன திக்கைச் சொல்லிவிட்டால் எங்களுக்குச் சேதி முடிந்தது; அவர்கள் பேச்சிலோ ஊர்ந்ததா, மிதந்ததா, உருண்டதா என்பதுதான் முதலில் வாய்க்கு வருமாம். துபாஷி பின்னொரு நாள் சொன்னது இது.

நைனா மட்டும் நின்று யோசித்தார். ‘சுத்திச்சா? காத்து தள்ளியிருந்தா நேரா வடக்க போயிருக்கும். சுத்துதுனா வத்தம் இழுக்குது. முகத்துவாரந்தான்!’ என்று படகைத் தள்ளிக்கொண்டு பாய்ந்தார். முகத்துவாரத்து மணல்திட்டில் முனை செருகி நின்ற தோணிக்குள், அலை தெறித்து நனைந்துபோய், தங்கை குரல் கம்மும் மட்டும் அழுதுகொண்டிருந்தாள்.

மறுநாள் அம்மா அந்தச் சிப்பாய்க்கு ஒரு கூடை இறாலும் வாய் நிறைய வசவும் கொடுத்தாள்.

இன்று கோட்டையில் பறந்த ஒல்லாந்தர் கொடியும் இல்லை, கோட்டையும் இல்லை; இங்கிலீஷ்காரர்கள் சுவரையே இடித்துவிட்டார்கள். ‘ஒல்லாந்தாக்காரங்க போயிட்டாங்க’ என்று ஊர் ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டது. அம்மா மட்டும் அந்தச் சிப்பாயைப் பற்றி வீடு வீடாக விசாரித்தாள்: ‘எப்படி போனான்? நடந்தானா, நொண்டினானா, தூக்கிக்கினு போனாங்களா?’

கப்பலேறிப் போனான் என்றார்கள். அதற்குமேல் ஒருவரும் கவனித்திருக்கவில்லை.