ஊற்றாத நைட்ரஜன்

நாசரேத் தலைமையாசிரியர் வேதமணியின் மூத்த மகள் ஞானதீபம் பொய் பேசமாட்டாள் என்று ஊரில் பெயர். இயற்பியலில் பட்டம் வாங்கி, 1974இல் தூத்துக்குடி உப்பளங்களை ஒட்டியிருந்த ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்தபோது அவளுக்கு இருபத்தைந்து வயது.

அங்கே கடற்கரை மணலிலிருந்து வரும் காமா கதிர்களை அளந்தார்கள். கருவியின் உயிர், ஜெர்மானியம் என்ற தனிமத்தாலான கட்டைவிரல் பருமனுள்ள ஒரு படிகம். வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்தது. எந்தக் கதிர் எந்தத் தனிமத்திலிருந்து வருகிறது என்று ஊசிமுனைக் கூர்மையோடு பிரித்துக் காட்டும். ஆனால் அதை எந்நேரமும் திரவ நைட்ரஜனின் கடுங்குளிரிலேயே வைத்திருக்க வேண்டும். சூடேறினால் உள்ளே ஊட்டிய லித்தியம் இடம்பெயர்ந்து படிகம் கெட்டுவிடும்.

நைட்ரஜன் மதுரையிலிருந்து வாராவாரம் லாரியில் வரும். கேனைத் தள்ளுவண்டியில் அறைக்குக் கொண்டுவருபவர் அட்டெண்டர் வன்னியபெருமாள். சனிக்கிழமைதோறும் அதைக் கருவியின் குடுவையில் ஊற்றி, பதிவேட்டில் எழுதுவது ஞானதீபத்தின் பொறுப்பு. மணல் மாதிரிகளை அளந்து வரும் எண்களையும் அதே பதிவேட்டில் அவள்தான் எழுதினாள். நைட்ரஜன் ஒருமுறை ஊற்றினால் பத்து நாள் தாங்கும்.

1976 நவம்பரில் தங்கை அற்புதமணிக்குக் கல்யாணம். அந்தச் சனிக்கிழமை லாரி தாமதமாக வந்தது. வன்னியபெருமாள் கேனை வைத்துவிட்டுப் போகும்போதே அவளுக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. திங்கட்கிழமை வந்து ஊற்றிக்கொள்ளலாம் என்று நினைத்து, ‘ஊற்றப்பட்டது’ என்று முன்கூட்டியே எழுதிவிட்டுக் கிளம்பினாள். கல்யாண வீட்டில் விடவில்லை. புதன்கிழமை காலையில்தான் திரும்பினாள்.

குடுவை வற்றிக் கிடந்தது. கையை வைத்துப் பார்த்தாள். அறையின் வெதுவெதுப்புதான் அதிலும் இருந்தது. மூலையில் வன்னியபெருமாள் கொண்டுவந்து வைத்த கேன் நிறைந்தபடியே நின்றது. கூடத்தின் தலைவர் சிவசுப்பிரமணியன் மணல் எடுக்க மணப்பாடு போயிருந்தார். ஞானதீபம் கேனைப் பின்பக்கம் தள்ளிக்கொண்டுபோய் மணலில் கவிழ்த்தாள். வெள்ளைப் புகை எழுந்து அடங்கியது. ஈரம்கூட இல்லை.

மறுநாள் சிவசுப்பிரமணியன் பதிவேட்டைப் பார்த்தார். ஊற்றியது வற்றியிருக்கிறது என்றால் கேனே குறைவாக வந்திருக்க வேண்டும் என்று அவருக்குப் பட்டது.

“அண்ணாச்சி, கேனை எங்கயாவது சாய்ச்சீரா?”

வன்னியபெருமாள் யோசித்தார். “வாசப்படியில கொஞ்சம் சரிஞ்சது சார். கொட்டுச்சான்னு நான் பாக்கலையே.”

ஞானதீபம் பக்கத்திலேயே நின்றாள். வாய் திறக்கவில்லை. அந்த வாரமே வன்னியபெருமாளைத் தோட்ட வேலைக்கு மாற்றினார்கள். படிகம் சரிசெய்வதற்காகக் கப்பலேறியது.

ஐந்து வாரம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஞாயிறு ஆராதனையில் பாட்டுக்கு எழுந்தால் குரல் வரவில்லை. ஒரு மத்தியானம், அரளிச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த வன்னியபெருமாளிடம் போனாள்.

“அண்ணாச்சி, ஒங்க மேல தப்பு இல்ல...”

அவர் முடிக்க விடவில்லை. “நீங்க பெரிய மனசோட சொல்லுதீய. நான்தாம்மா கொட்டிருக்கேன். வீட்டுக்காரி சண்முகத்தாய்கிட்டயும் சொல்லி அழுதுட்டேன். கப்பல்ல வந்த சாமான், என் கையால போச்சே.”

செய்யாத குற்றத்தை அவர் நம்பியே விட்டிருந்தார்.

“நான் ஊத்தவே இல்ல அண்ணாச்சி. பொய்யா எழுதிட்டுப் போனேன். கேனைப் பொறத்தால கொண்டுபோய்க் கொட்டுனதும் நான்தான்.”

அவர் வாளியைக் கீழே வைத்தார். “அன்னைக்குப் பக்கத்துலதான நின்னீய?” என்று மட்டும் கேட்டார்.

அங்கிருந்து நேரே சிவசுப்பிரமணியனின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் பதிவேட்டை எடுத்து அவள் முன்னால் போட்டார்.

“ரெண்டு வருஷமா இதுல எழுதினது பூரா ஒன் கையெழுத்து. இதுல எது நெசம்னு நான் எப்படிம்மா சொல்லுவேன்?”

அவளை வேலையை விட்டு அனுப்பவில்லை. ஒன்பது மாதம் கழித்துப் படிகம் திரும்பி வந்ததும், அவள் அளந்திருந்த நூற்றுநாற்பது மணல் மாதிரிகளையும் மறுபடி அளக்கச் சொன்னார். பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து சரிபார்த்தார். எட்டு மாதம் ஆனது. எல்லா எண்களும் பழையவற்றோடு ஒத்துப்போயின. யாரும் பாராட்டவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை.

வன்னியபெருமாளை அட்டெண்டர் வேலைக்குத் திரும்பக் கூப்பிட்டார்கள். தோட்டமே போதும் என்றுவிட்டார். அவர் அவளோடு சண்டை போடவில்லை, பேச்சை நிறுத்தவுமில்லை. காலையில் அவள் வாசலில் நுழையும்போது, மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டு எப்போதும்போல எழுந்து நிற்பார். அந்த மரியாதையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அவர் ஓய்வு பெறும்வரை, உப்பளத்தைச் சுற்றிக்கொண்டு பின்வாசல் வழியாகவே வேலைக்கு வந்தாள்.