கடைசி நாடகத்தின் ரசிகர்

ஹட்டனில் எங்கள் குழு நான்கு புதிய குறுநாடகங்களைப் போட்ட அன்றுதான் அவரைப் பார்த்தேன். ஐம்பதைத் தாண்டிய முஸ்லிம் மனிதர். வெண்தாடி, மழையில் நனைந்த கோட். முன்வரிசையில் உட்கார்ந்து, வசனம் பேசுகிறவர்களை விட்டுவிட்டு, பேசாமல் நிற்பவர்களின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு நாடகத்துக்கும் எழுந்து நின்று கைதட்டினார்.

விருந்தினர்களின் மாலை மரியாதையும் பேச்சும் நேரத்தைத் தின்றிருந்தன. கடைசி நாடகத்தில் நான் நடித்தேன். தேயிலைத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லித் தோட்ட நிர்வாகத்து ஆட்கள் கதவைத் தட்டுகிறார்கள். உள்ளே நான் தாழ்ப்பாளைப் பிடித்தபடி நிற்கிறேன். அந்த இடத்தில், நேரமாகிவிட்டது என்று மண்டபத்துக்காரர் திரையை இழுத்துவிட்டார்.

"பேச்ச நிப்பாட்டாம நாடகத்தப் போய் நிப்பாட்டுறீங்களே!" என்று முன்வரிசையிலிருந்து அந்த வெண்தாடிக்காரர் கத்தினார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பிறகு பஸ் நிலையத்தில் என்னைக் கண்டதும் கிட்டே வந்தார். கினிகத்தேனையில் துணிக்கடை வைத்திருப்பதாகச் சொன்னார். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

"மகள், அந்தப் பொண்ணு கதவத் தொறந்தாளா?"

"அது வந்து, நானா..." என்று முஸ்லிம் அண்ணன்மாரை அழைக்கும் முறையில் தொடங்கினேன்.

"வேணாம், சொல்லாதீங்க. வாயால சொன்னா வெறும் செய்தியாப் போயிரும். அடுத்த தடவ போடுறப்ப வந்து பாத்துக்கிறேன்."

அடுத்த தடவை வரவேயில்லை. குழுவில் பாதிப்பேர் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். மிச்சப்பேருக்கு மண்டபம் தர ஆளில்லை. கினிகத்தேனையைக் கடக்கும்போதெல்லாம் துணிக்கடைகளுக்குள் எட்டிப் பார்க்கிறேன். அவரைக் கண்டுபிடித்தாலும் என்ன சொல்வது? அந்த மனிதர் மேடையைத்தான் கேட்டார். எங்களிடம் அது ஒன்றுதான் இல்லை.