கத்தரி அக்காவின் கணினி உறைந்த நாள்

தெருவில் அவளைக் கத்தரி அக்கா என்பார்கள். தையல்காரி அல்ல, வீடியோ வெட்டி ஒட்டுபவள். யார் வீட்டு விசேஷத்தை யார் படம்பிடித்தாலும் கடைசியில் அவளுடைய முன்னறைக் கணினிக்கு வந்துதான் ஆக வேண்டும்.

அன்று அவள் கையில் இருந்தது மருந்துக்கடைக்காரர் கொடுத்த வேலை. அவருடைய அப்பாவுக்குப் பக்கவாதத்தில் பேச்சு போய்விட்டது. அவர் பேசிய பழைய வீடியோக்கள், குடும்பப் புகைப்படங்கள் எல்லாவற்றையும் சேர்த்து, பெற்றோரின் கல்யாண நாளுக்கு ஒரு படம் வேண்டுமென்றார் மகன். சாயங்காலம் மண்டபத்தில் திரையிட வேண்டும்.

மதியம் திரை உறைந்தது. நடுவில் வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது.

"மூடித் திறந்தா சரியாயிடாதா?" என்று கேட்டான் கணவன். அவன் எலெக்ட்ரீஷியன்.

"மூடினா காலையில செஞ்சதெல்லாம் போயிடுங்க. தானா சேவ் ஆகறதை நான்தான் நிறுத்தி வெச்சேன். ஒவ்வொரு தடவை சேவ் ஆகறப்பவும் கம்ப்யூட்டர் திக்கித் திக்கி நின்னுச்சு."

தன் கையாலேயே தன் கண்ணைக் குத்திக்கொண்ட கதை. அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது.

"அக்கா, ரெடிதானே? அப்பா இப்பவே புதுச் சட்டை போட்டுட்டு உட்கார்ந்திருக்காரு."

"முடியப்போகுதுங்க," என்றாள்.

இன்னும் கொஞ்சம் காத்திருந்தாள். வட்டம் நிற்கவில்லை. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு மென்பொருளை நிறுத்தினாள். திரும்பத் திறந்தபோது நேற்றுச் சேமித்த படம்தான் இருந்தது. இரைச்சல் நீக்கித் துலக்கிய அப்பாவின் குரல் அத்தனையும் போயிருந்தது.

"ஃபியூஸ் போனா, எது அதிகமா இழுக்குதுன்னு முதல்ல பார்ப்போம்," என்றான் கணவன்.

படத்தை ஓட்டியபடி, கணினியின் நினைவகம் எவ்வளவு நிரம்புகிறது என்று பார்த்தாள். வீடியோ வரும்போது மெல்ல ஏறியது. புகைப்படம் வந்ததும் சரசரவென்று எகிறியது. ஸ்கேன் கடையில் ஒவ்வொன்றையும் சுவரொட்டி அளவுக்குப் பெரிதாக எடுத்திருந்தார்கள். மடித்த புடவை போலக் கணினியின் வன்வட்டில் அடக்கமாகக் கிடந்தவை, திறந்ததும் நினைவகம் முழுக்க விரிந்துகொண்டன. இடம் போதாமல் மென்பொருள் மூச்சுத் திணறியிருக்கிறது.

"அலமாரியைத் திறந்தா எல்லாம் நம்ம மேல விழுமே, அது மாதிரி!" என்றான் கணவன். அவளுக்குச் சிரிக்க நேரமில்லை.

படங்களைத் திரையளவுக்குச் சுருக்கினாள். தானாகச் சேமிப்பதை மறுபடி போட்டுவிட்டாள். முழுப்படத்தையும் ஒரேயடியாகத் திறக்காமல் துண்டு துண்டாகப் பிரித்து, ஒன்றை முடித்து மூடிய பிறகே அடுத்ததைத் திறந்தாள். குரலை மறுபடி துலக்கினாள். கடைசித் துண்டுக்கு நேரமே இல்லை, இரைச்சலோடே விட்டுவிட்டாள்.

மண்டபத்தில் நாற்காலி கிடைத்தும் உட்காரத் தோன்றவில்லை. இரண்டு துண்டுகள் சேருமிடத்தில் திரை ஒரு கணம் இருண்டது. அவளுக்கு உயிரே போய் வந்தது. கடைசியில் அப்பாவின் குரல் கரகரவென்று ஒலித்தது: "ஏம்மா, கேமராவைப் பார்க்காதே, என்னைப் பாரு!"

முன்வரிசையில் இருந்த அம்மா, படத்தை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்த கணவரைத் திரும்பிப் பார்த்தார். பெரியவர் விரலால் திரையைக் காட்டிக் காட்டி மகனிடம் ஏதோ சைகை செய்தார்.

மருந்துக்கடைக்காரர் பின்னால் ஓடி வந்தார். "அக்கா, அப்பா இன்னொரு தடவை போடச் சொல்றாரு."

அவள் படத்தை முதலிலிருந்து ஓடவிட்டு, நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.