வட்டத்துக்குள் விரித்த சால்வை

ஏழுமலை இறந்த செய்தி எங்கள் பழைய வேலைத்தளத்து வாட்ஸ்அப் குழுவில்தான் எனக்கு வந்தது. செய்யாறு பக்கத்து டிரைவர் ஒருவர் அனுப்பியிருந்தார். நான் வெம்பாக்கத்தில் வீட்டு வாசலில் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரத்துக்குள் குழுவில் இருந்த அத்தனை பேரும் கைகூப்பும் படத்தைப் போட்டுக் கடமையை முடித்துக்கொண்டார்கள். தள மேலாளரும் போட்டிருந்தார். ஏழுமலையை வேலையை விட்டு அனுப்பிய மறுநாளே அந்தக் குழுவிலிருந்து நீக்கியவரும் அவர்தான். பழக்க தோஷத்தில் என் விரலும் ஒரு கைகூப்பைப் போட்டுவிட்டது. அழிக்கலாம் என்று பார்ப்பதற்குள் இரண்டு பேர் அதைப் பார்த்திருந்தார்கள்.

அவனோடு வேலை செய்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஏழுமலை முள்ளிப்பட்டுக்காரன். சொந்தமாக ஒரு சென்ட் நிலம் இல்லாத வீடு. மனைவி கஸ்தூரி வீட்டில் தறி போட்டுப் பட்டு நெய்கிறார். அவன் வடக்கே மலையில், சாலை போய்ச் சேராத ஒரு சுரங்கத் தளத்தில், ஹெலிகாப்டர் வந்து இறங்கும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டான். ஆட்களைப் பத்திரமாக ஏற்றி இறக்குவதும், வலையில் தொங்கி வரும் சாமான்களைக் கொக்கியிலிருந்து கழற்றுவதும், பைலட்டுக்குக் கையால் சைகை காட்டுவதும் அவன் வேலை. அதே தளத்தில் நான் பயணிகளின் பெயரையும் எடையையும் எழுதும் குமாஸ்தா. இருவருக்கும் ஒரே வயது. இங்கே ‘அவர்’ என்று எழுதினால் அவனே சிரிப்பான்.

எடை விஷயத்தில் அவன் கல்நெஞ்சுக்காரன். உயரம் கூடினால் காற்று மெலியும், ஹெலிகாப்டர் தூக்கும் பாரம் குறையும், அதனால் கிலோ கிலோவாகக் கணக்குப் பார்த்துத்தான் ஏற்றுவார்கள். ஒரு முறை விடுமுறை முடிந்து திரும்பும்போது, வடக்கத்தி அரிசி தொண்டையில் இறங்காமல் போன கடுப்பில், ஐந்து கிலோ ஆரணி அரிசியைப் போர்வைக்குள் சுருட்டி வைத்திருந்தேன். பட்டியல் எழுதுகிறவனே நான்தான் என்பதால் என் எடையை நானே குறைத்து எழுதிக்கொண்டேன். அந்த மாதம் ஏழுமலை, ஹெலிகாப்டர் மேலே கிளம்பும் அடிவாரத்துத் தளத்தில் இருந்தான். என் நடையைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டான். எல்லோர் முன்னாலும் போர்வையைப் பிரித்து, அரிசியை எடுத்துக் கீழே வைத்தான். “நீயே பொய் எழுதினா நான் இன்னாத்த பார்த்து ஏத்தறது? நீ எழுதற நம்பர நம்பித்தான் பைலட்டு மேல தூக்கறாரு,” என்றான். மேலே போன பிறகும் இரண்டு நாள் வயர்லெஸ்ஸில்கூட நான் அவனோடு பேசவில்லை. அந்த அரிசி அடிவாரத்து நாய்க்குக்கூட உதவாமல் வீணாகப் போயிருக்கும் என்று திட்டிக்கொண்டே அலைந்தேன்.

இன்னொரு நாள் புது வெல்டர் ஒருவன் இறங்கினான். தொப்பியைக் கழற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தும் அலட்சியமாகப் போட்டுக்கொண்டே இறங்கினான். விசிறிக் காற்றில் தொப்பி பறந்து வால் பக்கம் உருண்டது. அவன் அதன் பின்னால் ஓடினான். வாலில் சுற்றும் சின்ன விசிறி கண்ணுக்கே தெரியாது, அவ்வளவு வேகம். ஏழுமலை பாய்ந்து அவன் காலரைப் பிடித்து இழுத்துத் தரையோடு அமுக்கினான். ஹெலிகாப்டர் போன பிறகு எழுப்பி உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, அதற்குப் பிறகுதான் அறைந்தான். “போன தொப்பி போவட்டும். பின்னாடி ஓடாத,” என்றான். அதற்குப் பின் எங்கள் தளத்தில் எது தொலைந்தாலும் இந்தப் பேச்சுதான். செருப்பு காணாமல் போனாலும், சம்பந்தம் முறிந்தாலும் அதையே சொல்லித் தேற்றிக்கொண்டோம்.

சால்வை கதைக்கு வருகிறேன். கம்பெனியின் பெரிய தலை ஒருவர் முதல் முறையாகத் தளத்துக்கு வருவதாக இருந்தது. மேலாளருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஊருக்குப் போயிருந்த ஏழுமலையிடம் போன் போட்டு ஒரு பட்டுச் சால்வை வாங்கி வரச் சொன்னார். அவனும் வாங்கி வந்தான். ஆரணிக் கடையில் கஸ்தூரி ஜரிகையைத் தடவிப் பார்த்துப் பொறுக்கிக் கொடுத்த சால்வை. நம் ஊரில் ஒரு பெரிய மனிதர் வாகனத்திலிருந்து இறங்கினால் அவர் கால் தரையில் படுவதற்குள் தோளில் சால்வை விழ வேண்டும். மேலாளரும் நம் பக்கத்து ஆள், அந்தப் பழக்கம் ரத்தத்தில் ஊறியது. ஹெலிகாப்டர் பின்னால் தெரிய, படியிலேயே போர்த்தி, படம் எடுக்க வேண்டும் என்றார். அந்த உயரத்தில் பைலட் எஞ்சினை அணைக்க மாட்டார், விசிறி சுற்றிக்கொண்டேதான் இருக்கும். வட்டத்துக்குள் விரித்த துணி வரக்கூடாது, கூடாரத்துக்குக் கூட்டி வந்து போர்த்துங்கள் என்று ஏழுமலை முந்தின நாளே மூன்று முறை சொன்னான். சரி சரி என்று தலையாட்டினார்.

மறுநாள் காலை ஹெலிகாப்டர் தலைக்கு மேல் வந்து நின்று, இறங்க ஆரம்பித்த நேரம், மேலாளர் சால்வையை உதறி விரித்துப் பிடித்துக்கொண்டு வட்டத்துக்குள் நடந்தார். காற்றில் அது பாய்மரமாக உப்பியது. ஒரு முனை ஏற்கெனவே கையை விட்டுப் போயிருந்தது. மேலே போய் விசிறியில் சுற்றினால் உள்ளே இருந்தவர்களும் இல்லை, கீழே நின்ற நாங்களும் இல்லை. ஏழுமலை இரண்டு கையையும் தலைக்கு மேல் குறுக்கும் நெடுக்குமாக வீசினான். இறங்காதே, போ என்று அர்த்தம். ஹெலிகாப்டர் அப்படியே எழும்பித் திரும்பிப் போய்விட்டது. பிறகு மேகம் இறங்கி மூன்று நாள் வானமே தெரியவில்லை. பெரிய தலை கோபித்துக்கொண்டு டெல்லிக்கே போய்விட்டார். அவரோடு வரவேண்டிய காய்கறியும் வரவில்லை. வெறும் உருளைக்கிழங்கைத் தின்றுகொண்டு எல்லோரும் ஏழுமலையைத் திட்டினோம்.

விசாரணை என்று ஒன்று நடந்தது. ஏழுமலை காலையிலேயே குடித்திருந்தான், காரணமில்லாமல் சைகை காட்டினான் என்று மேலாளர் எழுதினார். தளத்தில் ஒருவருக்கும் ஊதிப் பார்க்கும் சோதனைகூட நடக்கவில்லை. பைலட் வேறு கம்பெனி ஆள், அவரை யாரும் கேட்கவில்லை. சாட்சிக்கு ஒரு கையெழுத்து வேண்டியிருந்தது. என் ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிய இருந்தது, மகள் கல்லூரியில் சேர்ந்த வருடம். நான் போட்டேன். இவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் இருந்ததாகச் சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான்.

அவன் பெட்டியைக் கட்டிக்கொண்டு இறங்கிய அன்று, அவன் எடையை நான்தான் எழுத வேண்டியிருந்தது. தராசில் ஏறி நின்று என் முகத்தைப் பார்த்தான். ஏதாவது கேட்பான், திட்டுவான் என்று காத்திருந்தேன். “இன்னா பண்ணுவ நீயும். புள்ள படிக்குது. தொப்பி போச்சுன்னு நெனச்சிக்கறேன்,” என்றான். பிறகு முன்பக்கமாக, பைலட்டின் கண்ணுக்குத் தெரியும்படி, தலையைக் குனிந்துகொண்டு போய் ஏறினான். அன்றைக்குக்கூட ஒழுங்கு தவறவில்லை.

அந்த அறிக்கைக்குப் பிறகு எந்தத் தளமும் அவனை எடுக்கவில்லை. ஆரணியில் ஒரு அரிசி ஆலையில் மூட்டை இறக்கப் போனான். ஒரு முறை போய்ப் பார்த்தேன். ஆலை முற்றத்தில் தவிட்டுத் தூசிக்குள் நின்று பேசினான். “லாரி ரிவர்ஸ் வரும்போது பின்னாடி ஒருத்தன் கை காட்டணும்னு சொல்லிகினே இருக்கறேன். உன் வேல மூட்ட தூக்கறதுதான், ஜல்தியா இறக்குன்றாங்க. பேஜாரா கீது,” என்றான். அதே முற்றத்தில், அதே மாதிரி பின்னால் வந்த ஒரு லாரிதான் அவனைச் சுவரோடு நசுக்கியது. கை காட்ட ஆள் இல்லை.

எட்டாம் நாள் முள்ளிப்பட்டுக்குப் போனேன். கஸ்தூரி ஒரு டம்ளர் காப்பியை என் முன்னால் வைத்துவிட்டு நிலைப்படியில் சாய்ந்து நின்றார். பிறகு கேட்டார்.

“அண்ணா, நீங்க கூடவே இருந்தவங்க. அவரு குடிச்சிட்டு கை காட்டினாருன்னு எழுதிகிறாங்களே, அது நெஜங்களா? கேட்டா வாயே திறக்க மாட்டாரு. ஒருநாள் கோவத்துல, குடிகாரன்னு நானே சொல்லிட்டேன்.”

அவன் என் பெயரைத் தன் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. என்னைக் காப்பாற்ற அந்தப் பழியோடு தன் வீட்டிலேயே இரண்டு வருடம் வாழ்ந்திருக்கிறான்.

“பொய்ம்மா. கையெழுத்து போட்டதே நான்தான்,” என்றேன்.

அவர் குனிந்து, நான் இன்னும் தொடாத காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். தறி இருக்கும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். நான் எழுந்து வந்தேன்.

அவனிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அவன் சொன்ன அந்தப் பேச்சு ஒன்றுதான். போனதன் பின்னால் ஓடாதே என்றான். அவன் இழந்த நல்ல பெயர் விஷயத்தில் மட்டும் நான் அதைக் கேட்கப் போவதில்லை. கம்பெனிக்கும் இதையே எழுதி அனுப்பியிருக்கிறேன். பதில் வரவில்லை. அதனால் இங்கேயும் எழுதுகிறேன், கைகூப்பும் படம் போட்டவர்கள் எல்லோரும் படிக்கட்டும்.

அன்று காலை ஏழுமலை குடித்திருக்கவில்லை. வட்டத்துக்குள் விரித்த துணி இருந்தது. அவன் காட்டியது சரியான சைகை. பக்கத்தில் நின்று கண்ணால் பார்த்தவன் நான். முன்பு நான் போட்ட கையெழுத்து பொய்.