மொக்கையன் கேட்ட பலகை

செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்குத் தந்தி வந்தது. கொழிஞ்சாம்பாறைப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். சூரியநெல்லியில் எஸ்டேட் குமாஸ்தாவாக இருக்கும் என் தங்கை கணவர் சென்னியப்பன் அனுப்பியிருந்தார். ஜீப் டிரைவர் மொக்கையன் யானை மிதித்து இறந்துவிட்டார். துக்கத்துக்கு முன்னால் பயம்தான் வந்தது. எந்த யானை?

மொக்கையன் எஸ்டேட் கூலிக்காரர்களின் லயத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடம் போனதில்லை. லாரி கழுவப் போய் வண்டி ஓட்டப் பழகியவர். மலை பார்க்க வருகிறவர்களை அவருடைய ஜீப்பில்தான் அனுப்புவார்கள். காட்டுக்குள் ஹாரன் அடிக்கமாட்டார். பீடித்துண்டைக்கூட வெளியே எறிய விடமாட்டார். அதற்கென்று சீட்டுக்குப் பின்னால் ஓர் உரச்சாக்கு தொங்கும். மாலையில் வண்டி ஏறும்போது வழியில் யானை இறங்கும் என்பதால், பழம், வெல்லம், உப்பு எதுவானாலும் அடிவாரத்து மத்தியாஸின் டீக்கடையில் வைத்துவிட்டுத்தான் ஏற வேண்டும். மறுநாள் வெயில் ஏறியபின் அவரே கொண்டுவந்து கொடுப்பார்.

போன தை மாதம் நான் போனேன். தங்கைக்கு ஏழாம் மாதம். அம்மா வெல்லம் போட்டுக் கச்சாயம் சுட்டு, மஞ்சள் பையில் கட்டிக்கொடுத்திருந்தாள்.

"வகுத்துப்புள்ளக்காரிக்குக் கொண்டுபோறது. வழியில எவரூட்லயும் எறக்கி வெச்சறாதே, கண்ணு."

டீக்கடையில் மொக்கையன் ஒவ்வொருவரிடமும் கேட்டார். "சார், உங்ககிட்ட?"

"ஒண்ணுமில்லீங்க."

பையைக் காலுக்கடியில் தள்ளிக்கொண்டேன். பக்கத்தில் கொழுந்து பறிக்கும் அழகுத்தாய் உட்கார்ந்திருந்தார். மூக்கை உறிஞ்சிவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு வெளியே திரும்பிக்கொண்டார்.

மூன்றாவது வளைவில் அந்தக் காட்டின் ஒற்றைத் தந்த யானை, ஒற்றைக் கொம்பன், நின்றது. மொக்கையன் எஞ்சினை அணைத்தார். வழக்கமாகச் சற்று நேரத்தில் விலகிவிடுமாம். அன்று விலகவில்லை. நேராக வந்தது. படுதாவுக்கு அடியில் தும்பிக்கை நுழைந்தது. அதன் மூச்சு என் முழங்காலில் சூடாக அடித்தது.

"யாருகிட்டயோ இனிப்பு இருக்கு," என்றார் மொக்கையன், திரும்பாமலே, மிக மெதுவாக. "சொல்லிருங்க. நான் வையமாட்டேன்."

அழகுத்தாய்தான் பையைக் காலால் இழுத்து வெளியே தள்ளினார். யானை அதைத் தூக்கிக்கொண்டது. கடைசியில் அது சரிவில் இறங்கிப் போனது.

"ஏன் சாரு, பலகாரம் மட்டும் போதுமா அதுக்கு? கூட ஒரு வாத்தியாரையும் குடுத்திருக்கலாம்ல?" என்றார் அழகுத்தாய். யாரும் சிரிக்கவில்லை.

மொக்கையன் இறங்கிப்போய்க் கிழிந்த பைத்துண்டுகளைப் பொறுக்கினார். பையின் கைப்பிடிக் காது ஒன்று குறைந்தது. புல்லை விலக்கி விலக்கித் தேடினார்.

"துணி வயித்துக்குள்ள போனா அது பாடாப் படும் சார். அதவிட, இனிமே ஜீப்பக் கண்டாலே வெல்லம்னு நெனச்சு வரும். நாம பண்ணது. பழிய அதுமேல போடுவாக."

மறுநாள் அவரே தங்கை வீடு தேடி வந்தார். தோளில் ஒரு பலாமரப் பலகை.

"நான் வாயால சொன்னா டிரைவருதானன்னு நெனைக்கிறாக. நீங்களே அப்படித்தான நெனச்சீக? எழுதி வச்சா சட்டம்னு பயப்படுவாக. தின்கிற பண்டம் எதுவும் வண்டியில ஏத்தக்கூடாதுன்னு தமிழ்லயும் மலையாளத்துலயும் எழுதிக் குடுங்க. அதான் உங்களுக்கு அபராதம்."

பலகையை ஊருக்குக் கொண்டுவந்தேன். பங்குனியில் தமிழ் வரியை எழுதினேன். பெயின்ட் தீர்ந்தது. பரீட்சை வந்தது. பிறகு விடுமுறை வந்தது.

தந்திக்குப் பின் இரண்டு நாளாக, யானையைப் பற்றி விசாரித்து எழுதும் துணிவு எனக்கு வரவில்லை. நான் கேட்காமலே இன்று சென்னியப்பனின் கடிதம் வந்தது. ஒற்றைக் கொம்பன்தான். வண்டியில் எறணாகுளத்திலிருந்து வந்த இருவர். கேட்டதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். சீட்டுக்கடியில் பழுத்த பலா இருந்திருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு மொக்கையன் இறங்கினாராம், யானையை வண்டியிலிருந்து விலக்கிக் கூட்டிப்போக. வந்தவர்களுக்குக் கீறல்கூட இல்லை.

பலகை என் அலமாரிக்குப் பின்னால் சாய்ந்திருக்கிறது. மலையாள வரிக்காகப் பென்சிலில் கோடு மட்டும் போட்டிருக்கிறேன்.