அந்தோனியாரிடமிருந்து மீட்ட பிள்ளை

எங்கள் தெருவில் பெமிலாவை ஏமாற்றியவர் யாரும் கிடையாது. தக்கலைச் சந்தையில் மீன் விற்கிறாள். ஐஸ்காரன், ஆட்டோக்காரன், சில்லறை நீட்டுகிறவன் என்று ஒருவரையும் நம்பமாட்டாள். பக்கத்து வீட்டுக்காரியான நான் கொடுக்கும் குழம்பைக்கூட மூடியைத் திறந்து மோந்து பார்த்துத்தான் வாங்குவாள். அந்தக் கோபத்தில் நான் பல நாள் அவளோடு பேசாமல் இருந்திருக்கிறேன். கணவனுக்குக் கத்தாரில் படகு வேலை. வீட்டில் அவளும் மகன் சிஜினும்தான்.

அந்த சிஜின் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு, சாமியாருக்குப் படிக்கப் போகிறேன் என்றான். நாகர்கோவிலில் நடந்த இறையழைத்தல் முகாமுக்குப் போய்வந்த பிறகு வந்த பேச்சு அது. எங்கள் கடற்கரையில் ஒரு பையன் குருமடத்துக்குப் போகிறான் என்றால் அவனுடைய அம்மாவைக் கையில் பிடிக்க முடியாது. பெமிலாவோ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

முதலில் பெண் விவகாரம் என்று நினைத்தாள். எவளோ கைவிட்டுவிட்டாள், அதனால்தான் பயல் வெள்ளை அங்கி தேடுகிறானாம். டியூஷன் பிள்ளைகளை வழிமறித்து விசாரித்தாள். அவன் குளிக்கப் போன நேரம் பார்த்து போனை நோண்டினாள். ஒன்றும் சிக்கவில்லை. அடுத்து, கடலுக்குப் பயந்து ஓடுகிறான் என்றாள். அவனோ தாய்மாமன் சிலுவைதாசனோடு வள்ளத்தில் ஏறிப் போய், சிரித்துக்கொண்டே திரும்பி வந்தான். கடைசியில் பங்குத்தந்தைமேலேயே சந்தேகம் வந்துவிட்டது. ஆள் பிடித்துக் கொடுத்தால் மேலிடத்தில் அவருக்கு நல்ல பேர் கிடைக்குமா என்று அவரிடமே கேட்டாள். அவர் சிரித்தார். ஆனால் பெற்றவள் மனமொத்து அனுப்பாத பையனுக்குப் பரிந்துரை தரமாட்டேன் என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். குருமடத்தில் சேரும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. சிஜின் சாப்பிடும்போதெல்லாம் அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

எனக்குப் பொறுக்கவில்லை. பெற்ற பிள்ளையைப் போலீஸ்காரி மாதிரி இப்படியா துருவுவாய் என்று கேட்டேவிட்டேன். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது.

சிஜின் கைக்குழந்தையாக இருந்தபோது நெஞ்சில் சளி கட்டி, பிழைப்பானா என்று கிடந்தான். பிழைத்தால் உமக்கே தந்துவிடுகிறேன் என்று பெமிலா எங்கள் கோவில் அந்தோனியாருக்கு நேர்ந்துகொண்டாள். எங்கள் பக்கம் இது வழக்கம்தான். திருவிழாவன்று குழந்தையை அந்தோனியார் சுரூபத்தின் காலடியில் கிடத்துவார்கள். பிறகு காணிக்கையாக வந்த கோழி, தேங்காயோடு குழந்தையையும் ஏலம் கூறுவார்கள். தாய்மாமன், பேருக்கு ஏதோ ஒரு தொகையைச் சொல்லி எடுத்துத் தாயின் கையில் கொடுப்பான். அத்தோடு பிள்ளை திரும்பவும் வீட்டுக்குச் சொந்தம். பெமிலாவும் கிடத்தினாள். ஆனால் ஏலப் பணத்தைத் திருவிழாக் கமிட்டிக்காரர்கள் தின்றுவிடுவார்கள் என்று சந்தேகம். ஏலம் தொடங்கும் முன்பே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

“அப்ப அவன் இன்னும் அந்தோனியாருக்க பிள்ளதானட்டி? அவனா போவல்ல. அவரு இழுக்காரு,” என்றாள்.

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

ஜூனில் அந்தோனியார் திருவிழா வந்தது. கைக்குழந்தைகளோடு நின்ற இளம் தாய்மார் வரிசையில், மீசை அரும்பிய ஆறடிப் பிள்ளையைக் கொண்டுவந்து நிறுத்தினாள் பெமிலா. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ஏலம் கூறுகிறவர் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, இவனையுமா என்று கேட்டார். கூறத்தான் வேண்டும் என்று நின்றாள். சிஜினுக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது, ஆனாலும் இடத்தைவிட்டு நகரவில்லை. சிலுவைதாசன் ஏலம் கேட்டார். போட்டிக்கு யாரும் வரவில்லை. மருமகனின் கையைப் பிடித்துத் தங்கச்சி கையில் கொடுத்தார். பெமிலா கமிட்டியிடம் மறக்காமல் ரசீதும் வாங்கிக்கொண்டாள்.

அன்று மத்தியானம் இறால் பொரித்தாள். என்னையும் சாப்பிடக் கூப்பிட்டாள். அவள் முகத்தில் அவ்வளவு தெளிவை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. இனி பையன் தன்னோடுதான் என்று முடிவே கட்டிவிட்டாள் போலிருந்தது.

“மக்கா, இனி உன்ன யாரும் இழுக்க முடியாது. உனக்க மனசுல உள்ளத சொல்லு. எங்க போவணும் உனக்கு?”

சிஜின் கையைக் கழுவிவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“குருமடத்துக்குத்தாம்மா. அந்தோனியாரு கேக்கல்ல. நான்தான் கேக்கேன்.”

பெமிலா என்னைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள். சந்தேகப்பட இன்னும் யாராவது கிடைப்பார்களா என்று தேடுவதுபோல இருந்தது. பிறகு அவன் தோளில் முகத்தை வைத்து வாய்விட்டு அழுதாள்.

“நீ போனா இந்த வீட்டுல எனக்கு யாருலே இருக்கா?”

அவள் கையைப் பிடித்துக்கொண்டு அவனும் அழுதான். வெகுநேரம் கழித்து அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

“நாளைக்கு நான் சந்தைக்கு போவல்ல. காலைல ஃபாதர்ட்ட போவோம்,” என்றாள். “எனக்கு சம்மதம்னு நானே சொல்லுதேன்.”